சகலையின் ஐம்பத்திரண்டு

லேபிள் இல்லாத சிலிண்டரைத் திறந்ததும் கருவி நாற்பத்தொன்று என்றது. மூத்த மாப்பிள்ளையான பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பக்கத்து அறையில் சகலைக்கு என்ன காட்டியிருக்குமோ?

காற்று மாசை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க ஒரு வாயு உண்டு. அந்த வாயுவே சரியா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வகத்தின் பிழைப்பு. இன்றோ சோதனை ஆய்வகத்துக்கே. தலைமை அலுவலகம் சகலைகள் இருவருக்கும் ஆளுக்கொரு சிலிண்டர் அனுப்பியிருந்தது. உள்ளே மாசு எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். சரியாகச் சொல்பவருக்குத் துணை இயக்குநர் நாற்காலி.

நாற்காலி போனால் போகட்டும். மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை புராணம் இன்னும் நீளுமே! காலையில் கிளம்பும்போது மனைவியே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரர் எதையும் நிதானமாத்தான் செய்வாராம். நீங்களும் அவசரப்படாம பாருங்க."

அப்போது பற்றிக்கொண்ட பொறாமை இன்னும் அணையவில்லை. சகலை சாப்பிடப் போன சமயம் பார்த்து அவன் அறைக்குள் நுழைந்தார். திரையில் ஐம்பத்திரண்டு.

ஒரே வண்டியில் வந்த சிலிண்டர்கள். இரண்டிலும் ஒரே அளவுதானே இருக்கும்? தன் கருவிதான் காலை வாரிவிட்டது என்று முடிவுகட்டி, ஐம்பத்திரண்டு வரும்வரை கருவியின் குமிழைத் திருகினார். அதையே எழுதி அனுப்பினார்.

இயக்குநர் உள்ளே வந்தார். "சுத்தக் காத்த விடுங்க, பூஜ்யம் வருதான்னு பாப்போம்."

பதினொன்று வந்தது.

"சுத்தக் காத்துலயே மாசா?"

"சிலிண்டர் சரியில்ல சார்," என்றார் பெரியவர் கூசாமல்.

சுத்தக் காற்று சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் இயக்குநர். சிலிண்டர் சுமப்பவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி ஏற்றினார். புதியதிலும் பதினொன்று.

"ரோட்டுப் புகை உள்ள வருது சார்."

ஜன்னல்களை எல்லாம் அடைத்தார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். ஆய்வகமே வேர்த்துக் கொட்டியது. பதினொன்று மட்டும் அசையவில்லை.

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். இயக்குநர் எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"ரெண்டு பேருமே தப்பு சார். பெரியவர் சிலிண்டர்ல இருந்தது நாப்பத்தொண்ணு, ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருக்காரு. சின்னவருது ஐம்பத்திரண்டு, அவரு நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்காரு."

கையில் இருந்ததைக் கோட்டைவிட்டது பெரியவருக்கு உறைத்தது. ஆனாலும் சகலையும் கவிழ்ந்தான் என்றதும் மனசு குளிர்ந்தது. சகலை தலை நிமிரவில்லை.

இயக்குநர் சுமப்பவர் பக்கம் திரும்பினார். "சிலிண்டர இடம் மாத்தி வச்சது நீதானே?"

"நான் மாத்தல சார். பெரியவர் டீக்குப் போனப்ப சின்னவர்தான் சாப்பிடப் போற வழியில இங்க வந்து எட்டிப் பாத்தாரு. 'அண்ணன் கணக்கு தப்பாது, என் மெஷின்லதான் ஏதோ கோளாறு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."