கொசு மதிக்கும் ரத்தம்

நைரோபியிலிருந்து விடுமுறைக்கு ஏரிக்கரைச் சொந்த ஊருக்கு வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார்கள். கொசு வந்து ஆளை அடையாளம் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று. "என்னை மலேரியா தொடாது, பழகின ரத்தம்" என்பதுதான் ஊராருக்கு இவர்கள் சொல்லும் வணக்கம். மலேரியாவோடு பங்காளி உறவு கொண்டாடும் இவர்களைத் தெரியாதா? ஒலுவோச்சைப் பாருங்கள்.

இந்த டிசம்பரில் அவர் மனைவி அவினோ, ஐந்து வயது மகள் அவுவோருக்கென்று புதுக் கொசுவலை ஒன்றை மடித்து எடுத்து வந்தாள். அவர் அதைத் தம்பி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், வெயிலில் காய்ந்த ஒமெனா மீனைக் காகம் கொத்தாதபடி மேலே விரித்துவிட்டார்.

"பிள்ளைக்கு?" என்றாள் அவினோ.

"என் மகளுக்கு வலையா? தம்பி மகன் ஒதேரோவும் இவ வயசுதான். அவன் வலைக்குள்ளயா படுக்கறான்? எல்லாம் ரத்தத்துலயே இருக்கு!"

தம்பி மனைவி அகோத்து மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "பிறக்கும்போதே வந்ததில்ல அத்தான். அவன் இப்படி ஓடறதுக்கு முன்னாடி, காய்ச்சலோட அவனைத் தூக்கிட்டு நான் எத்தனை தடவை ஓடியிருக்கேன்! ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொஞ்சங் கொஞ்சமாச் சேர்ந்த பலம் அது. மலேரியா இல்லாத நைரோபிக் குளிர்ல வளர்ந்த பிள்ளைக்கு ஏது?"

ஒலுவோச் சிரித்தார். நிபுணர்கள் வேறென்ன செய்வார்கள்?

இரண்டாம் வாரம் முதலில் நடுங்கியவர் அவர்தான். மலேரியாவா? சேச்சே! பஸ் அலுப்பு என்றார், ஏரிக்காற்று என்றார், தம்பி வீட்டு ஆட்டுக்கறிமேல்கூடப் பழிபோட்டார். பல் தந்தியடிக்கத் தொடங்கியதால் அத்தோடு நிறுத்தினார். சாயங்காலம் அவுவோரின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் செருகியது.

"இவளுக்கும் பஸ் அலுப்பா?" என்றாள் அவினோ.

அவர் நடுங்கிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

ஒரே வாடகை மோட்டார் சைக்கிளில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்கும்வரை ஒலுவோச் தன் காய்ச்சலைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பியதும் அவினோ மீன்மேல் கிடந்த வலையை உதறிக் கட்டிலுக்குமேல் கட்டி, இருவரையும் உள்ளே தள்ளினாள். ஒமெனா நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"நீங்க ஊரை விட்டுப் போய்ப் பதினஞ்சு வருஷம். பழகினதை ரத்தம் இன்னும் மறக்காம இருக்குமா?" என்றாள்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? வலைக்குள்ளிருந்து குரல் வந்தது: "இப்ப ஒருதரம் வந்துட்டுதில்ல? இனிப் பாரு, பழைய பலம் திரும்பிடும்!"

சிரிக்கிறீர்கள். போன விடுமுறையில் உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நான் குடிச்சு வளர்ந்த தண்ணி" என்று உங்கள் பிள்ளையின் கையிலும் ஒரு டம்ளர் கொடுத்தது நீங்கள்தானே?