ஜீப்பைத் தூக்கணும்

"இன்னும் கொஞ்சம் வளைங்க" என்றார் பல் டாக்டர்.

"வளைக்கலாம் சார். உடைஞ்சா என்னைத் திட்டக்கூடாது" என்றார் பட்டறைக்காரர், சம்மட்டியைத் தோளில் சாய்த்தபடி.

டாக்டரின் பழைய ஜீப் நான்கு மரக்கட்டைகள் மேல் நின்றது. அதன் பின்பக்க ஸ்பிரிங்கான கமான் பட்டைகளைக் கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டிருந்தார் பட்டறைக்காரர். வளைந்து நிற்க வேண்டிய பட்டைகள் வருஷக்கணக்காகப் பாரம் சுமந்து தட்டையாகிவிட்டன. ஜீப்பும் அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது.

"அடுப்புல காய்ச்சி வளைச்சா சுலபமா இருக்குமே?"

"காய்ச்சினா இரும்புக்கு ரோஷம் போயிடும் சார். அப்புறம் யார் ஏறி உட்கார்ந்தாலும் பணிஞ்சு போயிடும். பச்சையாத்தான் தட்டணும்."

கல்யாணத்தன்று தன்னையும் யாரோ காய்ச்சித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டருக்குத் தோன்றியது.

இத்தனை பாடும் மாமனாருக்காக. போன வருஷம் அவர் வந்தபோது ஷெட்டில் ஜீப் இருந்ததால், அவருடைய கார் தெருவில் மரத்தடியில் நின்றது. சாயங்காலம் டாக்டர் அவரை ஜீப்பில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார். வேகத்தடையில் ஜீப்பின் வயிறு தட்டியது, மாமனாரின் தலை கூரைக் கம்பியில் தட்டியது. மறுநாள் காலை பார்த்தால் கார் முழுக்கக் காக்கா எச்சம். மனுஷர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பியவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வாரம் ஒருவழியாக இறங்கி வந்தார். மனைவி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா ஞாயித்துக்கிழமை வர்றாராம். ஒரே ஒரு கண்டிஷன். நான் வர்றதுக்குள்ள மாப்பிள்ளையை அந்த ஜீப்பைத் தூக்கச் சொல்லுன்னாரு."

"தூக்கணுமா?"

"தலையில இடிச்சதை இன்னும் மறக்கலை போலிருக்கு. தூக்கிடுங்க. இல்லேன்னா நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்கே போயிடுவேன்."

டாக்டர் நெகிழ்ந்துபோனார். ஜீப்பை விற்றுத் தொலைக்கச் சொல்வார் என்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர். தூக்கினால் போதும் என்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு!

வியாழக்கிழமை பின்பக்கம் தூக்கியாயிற்று. ஜீப் மூக்கைத் தரையில் நீட்டி எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் நின்றது. பிரேக் போட்டால் டாக்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"என்னய்யா இது?"

"பின்னாடி இறங்கியிருக்குன்னுதானே சொன்னீங்க? நீங்க ஆட்டம் கண்ட பல்லை மட்டும்தானே பிடுங்குவீங்க?"

வெள்ளிக்கிழமை முன்பக்கமும் தூக்கியாயிற்று. இப்போது ஜீப் கம்பீரமாக நின்றது. மனைவி ஏறப் பார்த்தாள். கால் எட்டவில்லை.

"நானே ஏற முடியலை. எங்கப்பா எப்படி ஏறுவாரு? ஏணி வைப்பீங்களா?"

டாக்டர் வீட்டு முன்னறைக் கிளினிக்கிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அது தீர்ந்தது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குள் விடப்போனால், ஜீப்பின் கூரை ஷெட் வாசலின் உத்தரத்தில் இடித்தது. சரியாக இரண்டு விரல்கடை.

ஞாயிறு காலை வாசலை அடைத்துக்கொண்டு ஜீப் நின்றது. மாமனார் புறப்பட்டுவிட்டதாகப் போன் வந்தது. மனைவி பெட்டி இருக்கும் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் ஓடிப்போய்ப் பட்டறைக்காரரைக் கையோடு கூட்டிவந்தார்.

"பயப்படாதீங்க சார். பாரம் ஏத்தினா அமுங்கும். உள்ளே போயிடும்."

பட்டறைக்காரர் ஏறினார். மனைவி ஸ்டூல் போட்டு ஏறினாள். பல்வலி என்று வந்து காத்திருந்த இரண்டு பேரையும் டாக்டர் ஏற்றினார்.

"டாக்டர், எனக்குப் பல்லுதான் வலிக்குது" என்றார் கன்னம் வீங்கியவர்.

"தெரியும். கொஞ்சம் அழுத்தி உட்காருங்க, வலிக்காது."

போதவில்லை. ஷெட் கட்டியபோது மீந்துபோன சிமெண்ட் மூட்டைகள் மூன்றையும் ஏற்றினார்கள். ஜீப் முனகிக்கொண்டே அமுங்கி, உத்தரத்துக்குக் கீழே நூல் இடைவெளியில் உள்ளே நுழைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மூட்டைகளை இறக்கினார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் கால் வைத்ததுதான் தாமதம், கமான் தன் ரோஷத்தைக் காட்டியது. ஜீப் ஜிவ்வென்று எழுந்தது. கூரைக் கம்பி உத்தரத்துக்குப் பின்னால் எழும்பி, அதன் மேல் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இனிமே யார் ஏறி உட்கார்ந்தாலும் அசையாது சார். ஷெட்டை இடிச்சாத்தான் வெளியே வரும்."

"வராட்டிப் போகட்டும்! தூக்கியாச்சா இல்லையா, அதுதான் கேள்வி" என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. மாமனாரின் கார். பளபளவென்று புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தது. பின்சீட்டில் மாமனார் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் முதலில் இறங்கினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். கிளை முழுக்கக் காக்கா. ஷெட்டைப் பார்த்தார்.

டாக்டர் இரண்டு கையையும் விரித்து ஜீப்பைக் காட்டினார். "மாமா சொன்னபடியே தூக்கிட்டேன் பாத்தீங்களா! எப்படி?"

டிரைவர் ஜீப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காருக்குள் இருந்தவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏன் சார், நம்ம காரை நிழல்ல விடணும், ஷெட்ல இருந்து அந்த ஜீப்பைத் தூக்கிடச் சொல்லுன்னுதானே ஐயா போன்ல சொன்னாரு?"