கம்பவுண்டர் வீட்டு ஓடம்

"அய்யா, போதும்ங்க, பாட்டிலு ரொம்பி வழியுது!"

ராசாத்தி கத்திய பிறகுதான் கம்பவுண்டர் கண்ணுசாமி குனிந்து பார்த்தார். சிவப்பு மிக்சர் பாட்டிலை விட்டு வழிந்து, மேசையை நனைத்து, அவருடைய வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் பார்வை உடனே ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. வெளியே, ஆற்றங்கரையில், விறகுவாடி மஜீது ராவுத்தர் பழைய ஓடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"ராவுத்தரு அங்கிட்டு என்ன பண்றாரு?"

"வார வியாழக்கெழம பஞ்சாயத்துல ஓடத்த ஏலம் விடுறாங்களாம்ல? எடுத்து ஒடைச்சு விறகாக்கப் போறாராம். எங்க மாமியாளுக்கு இருமலு மருந்து குடுங்கய்யா."

விறகா! கண்ணுசாமி கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்தார். இருமலுக்குப் பதிலாக வயிற்றுவலி மருந்தை ஊற்றிக் கொடுத்தார். ராசாத்தியின் மாமியாருக்கு அதிலேயே இருமல் நின்றுபோனது வேறு விஷயம்.

வெள்ளாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கீழத்துறை. அந்த வருஷம்தான் அங்கே பாலம் திறந்தார்கள். ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு பாலத்தில் நடந்து போய், மறுகரையைத் தொட்டு, திரும்பி வந்தது. ஓடக்காரன் சேவுகன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். மறுநாளே பாலத்து முனையில் ஒரு சோடாக்கடை போட்டு, "அப்பாடா, இனிமே தோள்பட்டை வலிக்காது" என்று உட்கார்ந்துவிட்டான். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றவர் கண்ணுசாமி ஒருவர்தான்.

இத்தனைக்கும் அவர் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர் அல்ல. இலுப்பூர்ப் பக்கம். சின்ன வயதில் கிணற்றுத் தண்ணீருக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை. தர்ம ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த முதல் நாள் இந்த ஓடத்தில் ஏறினார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. எந்தப் பலகை இலுப்பை, எந்தப் பலகை வேம்பு என்று தடவிப் பார்த்தே சொல்வார். காய்ச்சலோடு வருகிறவனுடைய நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு ஓடத்தைப் பற்றிப் பேசுவார். நாக்கை நீட்டியவன் எதிர்ப்பேச்சுப் பேச முடியாதல்லவா?

அந்த ஓடத்துக்கென்று சில வழக்கங்கள் இருந்தது உண்மைதான். ஆட்டை முன்பக்கமாக ஏற்றக் கூடாது, பின்பக்கமாக நடத்தித்தான் ஏற்ற வேண்டும். சம்பந்தியாகப் போகிற இரண்டு வீட்டார் நடு ஆற்றில் வாய் திறக்கக் கூடாது. மறுகரையிலிருந்து கூப்பிடுகிறவன் சேவுகனுடைய பெயரைச் சொல்லமாட்டான், தன்னுடைய வேலையைத்தான் சொல்லுவான். "பிள்ள வலி எடுத்திருக்கு!" என்று குரல் வந்தால் சேவுகன் பாய்ந்து போவான். "விருந்துக்குப் போறேன்!" என்று வந்தால், முதலில் தன்னுடைய கஞ்சியைக் குடித்து முடிப்பான்.

இதையெல்லாம் கண்ணுசாமி பத்தாயிரம் தடவை சொல்லிக் கேட்டவள் அவர் மனைவி செவந்தி. ஏலம் என்ற பேச்சு வந்த அன்றே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, அந்த ஓடம் நம்ம கொல்லைக்கு வந்துச்சு, அன்னைக்கே நான் இலுப்பூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். இப்பத்தான் பாலம் வந்திருச்சே, பஸ்ஸு வாசல்லயே நிக்குது."

"நான் எப்ப வாங்கப் போறேன்னு சொன்னேன்?"

"தூக்கத்துல சொன்னீங்க."

ஏலத்தில் கை தூக்கினால் பெண்டாட்டி போவாள். தூக்காவிட்டால் ஓடம் அடுப்புக்குப் போகும். கண்ணுசாமிக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, தன் கொல்லைப் புளியமரத்து நிழலில், அந்த ஓடத்தின் நடுப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் உலகத்தில் எதையும் ஆசைப்பட்டதில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

செவ்வாய்க்கிழமை சந்தை. ஊரே சந்தைக்குப் போய்விட்டது. வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில் கண்ணுசாமி ஆற்றங்கரைக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில் மஞ்சள் தோய்த்து, நயா பைசா வந்த பிறகு பெட்டிக்கடைக்காரர்கள் முகம் சுளித்து வாங்க ஆரம்பித்திருந்த ஓட்டைக் காலணா ஒன்றை அதில் முடிந்து, ஓடத்தின் மூக்கில் கட்டினார். பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை செருகினார். குங்குமத்தை அப்பினார். காசு முடிந்து கட்டிய பொருளில் இந்தப் பக்கத்தில் எவனும் கோடாலி வைக்கமாட்டான். எவனோ எதற்கோ நேர்ந்திருக்கிறான் என்று கும்பிட்டுவிட்டு விலகிப் போவான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தார். அவர் கட்டிய முடிச்சுக்குப் பக்கத்தில், நீலச் சேலைக் கிழிசலில் இன்னொரு முடிச்சு தொங்கியது. "யாரோ ஒரு வெள்ளந்திப் பொம்பளை" என்று சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஏலத்தில் பஞ்சாயத்துத் தலைவர் நாகராசு தொண்டை வற்றக் கூவினார். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை.

"ராவுத்தரே, நீங்களாச்சும் கேளுங்க."

"வேணாம்ங்க. சாமி காரியத்துல நான் கை வைக்கமாட்டேன். எங்க வீட்டுல ரஹீமா பீவியே, 'மகளுக்கு நல்லபடியாப் பிள்ள பொறக்கணும், ஒரு காசு முடிஞ்சுட்டு வாங்க'ன்னு குடுத்துவிட்டிருக்கு" என்று மஜீது ராவுத்தர் மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துக் காட்டினார். பிறகு கண்ணுசாமியின் காதோரம் குனிந்து, "ஒங்களுக்கு அது மேல ஆசைன்னு ஊருக்கே தெரியும். மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏலம் எடுத்து, செவந்தியம்மாகிட்டயும் பேசி, ஒங்க கொல்லையில கொண்டாந்து போட்டிருப்பேன். இப்ப என்ன செய்ய, சாமி முந்திக்கிருச்சே" என்றார்.

கண்ணுசாமி தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

அதற்குள் ராசாத்தி தன் காணாமல் போன வெள்ளாடு ஓடத்துச் சாமியை வேண்டிய மறுநாளே வீடு திரும்பியதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அது நேரே வந்ததா, பின்பக்கமாக நடந்து வந்ததா என்றுகூடச் சிலர் விசாரித்தார்கள். சேவுகன் சோடாக்கடையில் தேங்காயும் சூடமும் வாங்கி வைத்து விற்றான். ஓடத்தைச் சுற்றி வெள்ளையும் காவியும் அடித்துவிட்டார்கள். ஆற்றங்கரைப் பக்கம் கண்ணுசாமி போனால், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

"ஏப்பா, இது வெறும் மரக்கட்டப்பா. சேவுகன் இதுல எருமை ஏத்தியிருக்கான்!" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டுத் திரும்பியபோது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். முழங்கால் சிராய்ந்தது. அன்றைக்கு மட்டும் முப்பது பேர் புதிதாகக் காசு முடிந்தார்கள்.

விழுந்த இடத்திலேயே அவருக்கு அடுத்த யோசனை பிறந்தது. சாமியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நம் வீட்டில் இருந்தால் என்ன?

"தலைவரே, எனக்கு ஒரு கனவு வந்துச்சுங்க. 'ஆத்துவெயிலு தாங்கல, எனக்குக் கம்பவுண்டர் கொல்லைப் புளியமர நெழலுதான் வேணும்'னு ஒரு குரலு."

நாகராசு அந்த இடத்திலேயே துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். அவருக்கும் அதுதான் சௌகரியம். பஞ்சாயத்து இடத்தில் கூட்டம் சேர்ந்தால் தாசில்தாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு கட்டைவண்டிகளைச் சேர்த்துக் கட்டி, கொட்டுமேளத்தோடு ஓடம் கண்ணுசாமியின் கொல்லைக்கு வந்தது. வேலியைப் பிரித்து உள்ளே இழுத்தார்கள். கண்ணுசாமி ஓரக்கண்ணால் செவந்தியைப் பார்த்தார். பெட்டி கட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் குளித்து முழுகி, ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"இலுப்பூருக்குப் போறேன்னியே?"

"சாமி வீடு தேடி வந்திருக்கு. நான் எங்கிட்டுப் போறது?" என்றாள். முகத்தில் இதுவரை அவர் பார்க்காத ஒரு பணிவு.

கண்ணுசாமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. உலகத்தில் தன்னைப் போலக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தார். கூட்டம் கலைந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காப்பி டம்ளரோடு கொல்லைக்குப் போய், நடுப்பலகையில் வைக்கக் காலைத் தூக்கினார்.

"அடப் பாவி மனுசா!" என்று செவந்தி போட்ட கூச்சலில் டம்ளர் கீழே விழுந்தது. "சாமி தலையிலயா காலை வைக்கப் போறீங்க?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது. விடிவதற்கு முன்பே கொல்லையில் பொங்கல் அடுப்புப் புகைந்தது. பெயர் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் அவருடைய வாளியில் குளித்து, அவருடைய கொடியில் வேட்டி உலர்த்தினார்கள். நேர்ந்துவிட்ட ஆடுகள் அவருடைய முருங்கையை மொட்டையாக்கின. அவர் வீட்டில் மீன்குழம்பு நின்றது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, கண்ணுசாமி கத்தரிக்காயாகத் தின்றார். ஓடத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை. சேவுகன் வந்து ஆறுதல் சொன்னான்.

"அய்யா, ஆத்துல கெடந்தப்பவாச்சும் தெனம் ஒரு தடவை ஒக்காருவீங்க. நீங்க ஏன்ய்யா கனவு கண்டீங்க?"

கண்ணுசாமிக்கு அழுகை வந்தது. எட்டடி தூரத்தில் அவருடைய ஓடம் நின்றது. நடுப்பலகை மேல் மஞ்சள் பூசியிருந்தது. வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே பொருள் கைக்கு வந்தும் இல்லாமல் போனதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது.

கடைசி வழியாக, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி பிச்சையை வரவழைத்தார். தனியாக அழைத்துப் போய், கோழிக்கறி வாங்கிக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னார்.

"உடுக்கை அடிச்சு, 'நான் ஆத்தங்கரைக்கே திரும்பிப் போறேன்'னு சாமி சொல்லுறதாச் சொல்லிரு. போதும்."

"அதுக்கென்னய்யா, சொல்லிருவோம்" என்றான் பிச்சை, எலும்பைக் கடித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை கொல்லை நிறையக் கூட்டம். பிச்சை உடுக்கையை எடுத்தான். அடிக்க அடிக்க அவன் கண் சிவந்தது. மூன்று சுற்றுச் சுற்றி ஓடத்தின் மூக்கருகே வந்து நின்றான்.

"செல்லாத காசை முடிஞ்சு என்னை ஏமாத்துனவன் எவன்டா?"

கண்ணுசாமி இரண்டடி பின்வாங்கினார். அந்த ஓட்டைக் காலணா! அவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாதே! பிச்சை வந்ததும் வராததுமாக முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துப் பார்த்துவிட்டான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? காசும் கூட்டமும் இப்படிச் சேர்கிற இடத்தைவிட்டுச் சாமியை அனுப்பப் பிச்சைக்கு மனசு வருமா?

"இங்கிட்டிருந்து நான் நகர மாட்டேன்! மூணு தலமுறைக்கு இங்கதான் இருப்பேன்! இந்த வீட்டு ஆம்பளைதான் எனக்குப் பூசாரி! கட்டில்ல படுக்கக் கூடாது! கறி மீனு தொடக் கூடாது! காப்பி குடிக்கக் கூடாது!"

காப்பி என்ற வார்த்தையில் கண்ணுசாமிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"போதும்!" என்று கத்தினார். உடுக்கை நின்றது. "எனக்கு ஓடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! எடுத்துட்டுப் போயி ஒடைங்க, எரிங்க, என்னமும் செய்ங்க! இலுப்பையாம், வேம்பாம்! இனிமே ஓடம்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சுன்னா என் பேரு கண்ணுசாமி இல்ல! பாலம் இருக்கு, பஸ்ஸு இருக்கு, நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி குத்தம் ஆகிவிட்டதே, இனி அடிதான் என்று கண்ணுசாமி கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது செவந்தி ஓடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள். எழுந்தபோது அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முகமோ தீபாவளி மாதிரி இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசாத்தி முன்னால் ஓடி வந்தாள்.

"பலிச்சிருச்சுக்கா, பலிச்சிருச்சு! அன்னைக்குச் சந்தையிலேருந்து வாரப்ப, ஒங்க நீலச் சேலை முந்தானையக் கிழிச்சு, 'எம் புருசனுக்கு இந்த ஓடக்கிறுக்குத் தெளியணும் சாமி'ன்னு முடிஞ்சு போட்டீங்கள்ல, இனியும் நாளக் கடத்தாம நேந்துக்கிட்ட கெடாய்க்குச் சொல்லிவிடுங்கக்கா!"