கடைசிக் காரும் ஒற்றை ஆள் குழுவும்

பதிவாளர் என்றொரு இனம் உண்டு. அரசாங்கம் நியமித்தவரைச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளமும் ஓய்வு பெறும் வயதும் உண்டு. இவர் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். உலகம் மறந்துபோன ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அது யார் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்து, போகப் போக அது யார் யாரிடம் இருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல வந்துவிடுபவர்.

இவர் வென்றதைச் சொன்னால்தான் இவருடைய அருமை உங்களுக்குப் புரியும். லோரிமர் கூப்பே என்றொரு கார். மொத்தம் நூற்று முப்பத்தொன்று தயாரானது. அதோடு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த நூற்று முப்பத்தொன்றில் நாற்பத்தாறை நம்மவர் தேடிப் பிடித்தார். ஒன்று கோழிக்கூடாக இருந்தது. கோழிகளின் எதிர்ப்பை மீறி உள்ளே புகுந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். இன்னொன்றின் உரிமையாளர், “அப்படி ஒரு காரே எங்கிட்ட இல்லீங்க” என்று அந்தக் காரின் மேலேயே சாய்ந்துகொண்டு சாதித்தார். ஏழாவது தடவை போனபோது உட்காரச் சொன்னார். தொழிற்சாலையின் உற்பத்திப் பேரேடு வெள்ளத்தில் போய்விட்டது என்று கைவிரித்த காப்பாளரிடம், எந்த வருஷத்து வெள்ளம் என்று மூன்று முறை கேட்டு மூன்று பதில் வாங்கி, நாலாவது முறை பேரேட்டையே வாங்கிக்கொண்டு வந்தார்.

இத்தனையும் செய்தவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஊழியர். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். “அந்தக் கையாலதான் இதெல்லாம் எழுதியிருக்கான்” என்று தம் தையல்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார் அவருடைய அக்கா. அக்கா எட்டாவதோடு நின்றவர். ஆனால் கால் அங்குலம் பிசகினால் மொத்தத்தையும் பிரித்துத் தைக்கிற ரகம். தம்பியின் பதிவேட்டுக்கு உறை தைத்து, உள்ளே காருக்கு ஒன்றாகத் துணிப்பைகள் வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கும்? ஒரு காகிதம். காரில் எண் இரண்டு இடத்தில் இருக்கும். எஞ்சின் பக்கத்தில் ஒரு தகடு. நாலு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். முன் இருக்கைக்கு அடியில், அடிச்சட்டத்தின் இரும்பில் அடித்த எண் இன்னொன்று. அது எங்கும் போகாது. அந்த இரும்பின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எண் பதிந்த அந்தக் காகிதத்தை உரிமையாளர் அனுப்பிவைக்க வேண்டும். தகட்டை ஏற்பதில்லை. விதி மூன்று.

விதிகள் மொத்தம் இருபத்தேழு. எல்லாவற்றையும் இயற்றியது குழு.

“குழுவுல வேற யாருடா இருக்காங்க?” என்று ஒருநாள் அக்கா கேட்டார்.

“இப்போதைக்கு நான் மட்டும்தான்கா. மத்த இடமெல்லாம் காலி.”

“ஆள் சேக்கலாமே?”

“சேக்கலாம். யாரும் குழுவோட தரத்துக்கு வரல.”

வெளியே போகிற கடிதம் எதிலும் இவர் பெயர் இருக்காது. ‘குழு கவலையுடன் கவனிக்கிறது’ என்று தொடங்கும். ‘பதிவாளர்’ என்ற முத்திரையோடு முடியும். பல் டாக்டர் ஒருவர் தம் காருக்கு அசலில் இல்லாத வேறொரு பச்சை அடித்துவிட்டார் என்று குழு ஆறு மாதம் கவலையுடன் கவனித்தது. கடைசியில் அவர், சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி, காரை விற்றுவிட்டு நிம்மதியானார்.

இவரிடமும் ஒரு லோரிமர் உண்டா? உண்டு, உண்டு. அதுதானே விஷயமே! சாதாரணக் காரா அது? தகட்டில் பளபளவென்று 131. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த கடைசிக் கார். பதிவேட்டில் முதல் பக்கம் அதற்கு. லோரிமர் கார்களின் ஆண்டு ஊர்வலத்தில் முதல் இடமும் அதற்கே. ‘கடைசிக் காரின் உரிமையாளர்’ என்று இவரைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். அதை அக்கா கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

இந்த நிலையில்தான் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தம் காரைப் பதிவுசெய்ய வந்தார். அவருடைய கார்த் தகட்டில் 74. விதி மூன்றின்படி அடிச்சட்டத்தைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்த காகிதத்திலோ 131.

பதிவாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

“ரொம்பத் தெளிவா இருக்கும்மா. அதான் சந்தேகமா இருக்கு.”

“தெளிவா இருக்கணும்னு நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க?”

“இவ்வளவு தெளிவை குழு எதிர்பார்க்கல.”

“முப்பது வருஷம் நரம்பு தேடி ஊசி போட்டிருக்கேன் சார். இரும்புல அடிச்ச நம்பரைத் தேட எனக்குத் தெரியாதா? சரி, உங்க காரைத் தேய்ச்ச காகிதம் எங்க? காட்டுங்க, ரெண்டையும் வச்சுப் பாப்போம்.”

“அந்த விதி வர்றதுக்கு முன்னாடியே என் கார் பதிவாயிடுச்சும்மா.”

உரிமையாளர்களுக்குக் குழு அனுப்பும் அடுத்த காலாண்டு மடலில் சிவப்பு மையில் ஒரு கட்டம்: ‘எண் திருத்தி வெட்டப்பட்ட போலிக் கார். பதிவு மறுப்பு. குழுவின் முடிவே இறுதியானது.’ மடல் நாற்பத்தைந்து வீடுகளுக்குப் போனது. ஒரு பிரதி நர்ஸ் வீட்டுக்கும் போனது. குழு நியாயம் தவறாது. வாழ்நாளில் ஒரு மாத்திரையைக்கூட எண்ணாமல் கொடுத்திராத பெண்மணி, போலி என்ற சொல்லைத் தம் பெயருக்கு நேரே அச்சில் படித்தார்.

ஊர்வலத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கடைசிக் காருக்குப் புது இருக்கை உறை தைக்கவேண்டும் என்று தம்பி சொன்னதும் அக்கா டேப்போடு கார் நிற்கும் கொட்டகைக்குப் போனார். மற்றவர்களாக இருந்தால் இருக்கையின் மேலேயே அளவெடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா கழற்றி வெளியே எடுத்தார். அடியில் பழைய கம்பளமும் பசையும். அதைச் சுரண்டும்போதுதான் அவருக்குப் பதிவேட்டின் முதல் பை ஞாபகம் வந்தது. நாற்பத்தைந்து பைகளில் காகிதம் இருக்க, தம்பியின் பை மட்டும் வெறுமையாக இருப்பது அவருக்கு வெகுநாள் உறுத்தல். பித்தான் வைக்காத சட்டை மாதிரி. அவனுக்கு நேரமில்லை, பாவம், நாம் நிரப்பிவைப்போம். வெட்டு அளவு போடும் காகிதத்தை இரும்பின் மேல் வைத்து, தையல் சாக்கட்டியால் ஆசையாகத் தேய்த்தார்.

074.

அழித்துவிட்டு மறுபடி தேய்த்தார். மூன்றாவது தடவை பென்சிலால் தேய்த்தார். இரும்பு சாக்கட்டிக்கு ஒன்று, பென்சிலுக்கு ஒன்று என்று மாற்றிச் சொல்லவில்லை.

“டேய், உன் கார் எத்தனாவது கார்?”

“என்னக்கா கேள்வி? நூத்தி முப்பத்தொண்ணு.”

“அது நீ தினமும் துடைக்கிற தகடு. அடியில எழுபத்தி நாலுன்னு இருக்கு.”

விஷயம் இவ்வளவுதான்: என்றைக்கோ இரண்டு கார்களும் ஒரே பட்டறையில் வண்ணம் பூச நின்றிருக்கின்றன, தகடுகளைக் கழற்றியவன் திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டான். நர்ஸின் கார்தான் கடைசிக் கார். ஆனால் நம்மவரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சாக்கட்டி சரியில்லை என்றார். பிறகு காகிதம் தடிமன் என்றார். அதற்குப் பிறகு, கார் செய்த தொழிலாளியே அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் எண்ணை அடித்திருப்பான் என்றார்.

“இடுப்பு பெருத்தவங்க எல்லாரும் மொதல்ல என் டேப்பைத்தான்டா குறை சொல்லுவாங்க” என்றார் அக்கா.

“குழு கூடணும்கா.”

குழு மூன்று நாள் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. விதி இருபத்தெட்டு பிறந்தது: ‘பதிவாளரின் காருக்கு மட்டும் தகடு போதுமானது.’ அதை வாசித்துக் காட்டி முடித்ததும் அக்கா எழுந்தார். கடைக்குப் போய் அந்தப் பத்திரிகைப் படத்தைச் சட்டத்தோடு கழற்றி எடுத்துவந்து, அவர் முன்னால் வைத்தார்.

“ஏன்கா, இதை எதுக்குக் கழட்டுனே?”

“கோழிக்கூட்டுக்குள்ள தவழ்ந்து போய் நம்பர் பாத்தானே, அவன் என் தம்பின்னு மாட்டுனேன். இந்த இருபத்தெட்டாம் விதியை எழுதுனவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாவுக்கு லெட்டர் எழுதிட்டுச் சொல்லு, மாட்டுறேன்.”

எழுதினார். ‘குழு வருந்துகிறது’ என்று தொடங்கினார்.

“குழு எதுக்குடா வருந்தணும்? அது பாவம், என்ன பண்ணுச்சு?”

கிழித்தார். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதினார். அது தானாக நடந்து வந்து நேர்ந்ததா என்று அக்கா கேட்டார். கிழித்தார். ஐந்தாவது தாளில் ‘நான்’ என்ற சொல் வந்தது. அது அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்ததென்றால், அந்தச் சொல்லிலேயே மை கொட்டியிருந்தது. உங்கள் கார்தான் கடைசிக் கார், ஊர்வலத்தில் முன்னால் போகவேண்டியது நீங்கள், போலி என்று அச்சிட்டது நான், அடுத்த மடலில் அதே சிவப்பு மையில் திருத்தம் வரும் என்று எழுதி முடித்தார். எழுதி முடித்தும் மனம் கேட்காமல், ஹார்ன் அசல் அல்ல என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். இனத்தின் குணம் ஒரே நாளில் போய்விடுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் யார் யார் ஒழுங்காகக் குப்பை போடுகிறார்கள் என்று குறித்துவைத்திருப்பது நீங்கள் இல்லைதானே? கல்யாணத்துக்கு யார் வரவில்லை, யார் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள் என்ற ஏடு உங்கள் தலைக்குள் இல்லைதானே? இருந்தால், அதன் முதல் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அங்கே இருப்பது உங்கள் பெயர். அதைச் சரிபார்த்தவர் யார்? உங்களுக்கு அப்படியொரு அக்கா இல்லாமலிருந்தால் இருக்கையை நீங்களேதான் கழற்றவேண்டியிருக்கும்.

பதிவேடு தொடங்கிப் பதினோரு வருஷத்தில் அந்தக் கடிதத்தின் அடியில்தான் பதிவாளர் முதன்முதலாக முத்திரை குத்தாமல் தம் சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார். தேதியை அக்கா தம் அளவு நோட்டில் குறித்துவைத்திருக்கிறார்: 1996, மார்ச் 9.