கட்டில் போல்ட்டும் ஸ்பேனர் அம்மணியும்

கோயமுத்தூரிலேயே தன் காரை ஒரு மெக்கானிக் தொடுவதை மானப் பிரச்சினையாக நினைத்த ஒரே ஆள் எங்கள் ஸ்பேனர் அம்மணியாகத்தான் இருக்க முடியும். போத்தனூரில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன் அவர். சாவிக்கொத்து தொங்க வேண்டிய இடுப்பில் ஸ்பேனர் தொங்கும்.

ரிப்பேர் வேலையை அவர் கற்றது கைப்பேசி வீடியோக்களில். முழுதாகப் பார்க்கும் பொறுமைதான் கிடையாது. பாதியிலேயே பானெட்டைத் திறந்துவிடுவார். எல்லாம் மாட்டிய பிறகு போல்ட் மிஞ்சினால், "கம்பெனிக்காரன் சேர்த்திப் போட்டுட்டானுங்க" என்று சமையலறை டப்பாவில் போட்டு வைப்பார். சமையல்காரம்மா ஒருமுறை கடுகென்று நினைத்து வாஷரைத் தாளித்துவிட்டார். சாம்பாரிலிருந்து அதை எடுத்துத் துடைத்த வார்டன், "இதைத்தானுங்க தேடிட்டிருந்தேன்" என்றார்.

வண்டி அடிக்கடி நின்றுபோகவே, என்ஜினில் புது சென்சார் ஒன்றை அவரே மாட்டினார். மறுநாள் காலை என் அறைத்தோழி கவிதாவுக்கு அன்னூரில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. இதுவும் கிடைக்காவிட்டால் ஊருக்கே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள் அவள் வீட்டில்.

"பஸ்ஸு எதுக்கு கண்ணு? நானே கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்" என்றார் வார்டன். துணைக்கு நானும் ஏறினேன்.

அன்னூருக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. பானெட்டைத் திறந்தால், சென்சார் விழப்போகும் பால்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். விரல் நீளம். துளையின் அடியில் போய் முட்டி நின்றதே தவிர, அதன் தலை சென்சாரை அழுத்திப் பிடிக்கவேயில்லை.

"அக்கா, இது என்ற கட்டில் போல்ட்டு மாதிரி இருக்குதுங்களே?" என்றேன்.

"மாதிரியெல்லாம் இல்ல கண்ணு, அதேதான். ஒரிஜினல் எங்கியோ உழுந்துபோச்சு."

"அதான் காத்தால உக்காந்ததும் கட்டில் சாஞ்சுதுங்களா?"

"நீ ஒல்லிதானே, தாங்கும்னு நெனச்சுப்போட்டேன்."

கவிதா அழ ஆரம்பித்தாள். வார்டன் முந்தானையைச் செருகிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். வந்த வண்டிகளையெல்லாம் போகவிட்டார். எதிரே, கோவைப் பக்கம் போகும் வண்டியொன்று அவருடைய கார் மாடலிலேயே வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே ஒரு தம்பதி.

"ஏனுங்க, ஒரு போல்ட்டு குடுப்பீங்களா?"

"பெட்ரோலு கேப்பாங்க, தண்ணி கேப்பாங்க. போல்ட்டுங்களா?" என்றார் அந்த மனிதர்.

"என்ஜினுக்கு மேல மூடி இருக்குதுல்லங்க, அதுல ஒண்ணு கழட்டிக்கறேன். இதுக்கும் அதே அளவுதானுங்க. மூடி கொஞ்சம் ஆடும், வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. என்ற வண்டியில அதெல்லாம் முன்னமே கழண்டுபோச்சுங்க. இந்தப் புள்ளைக்கு இன்டர்வியூங்க."

அவர் கவிதாவின் முகத்தைப் பார்த்தார்; இறங்கிவந்து பானெட்டைத் திறந்துவிட்டார்.

வார்டன் அந்த போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை திருகினார். தலை சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது.

"நல்லவேளைங்க, டயரக் கேக்கல" என்று அந்த அம்மா கணவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவிதா வெளியே வரும்வரை வார்டன் பள்ளி கேட் அருகிலேயே, கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் நின்றார். வேலை கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னதும், எங்கள் யாருக்கும் முகத்தைக் காட்டாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

அவரை நம்பி வண்டியில் ஏறாதீர்கள் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லுவேன். ஆனால் அவர் வாசலில் வந்து ஹாரன் அடித்தால், முன்சீட்டில் முதலில் போய் உட்காருவது நானாகத்தான் இருக்கும்.