தெல்மாவின் கண்ணீரும் சேற்றுப் பூதமும்

"கிடைச்சிடுச்சு மேடம்!" என்று பழைய தொலைக்காட்சித் தொடர் ரசிகர் விழா நடத்தும் நெவில் ஓடி வந்தபோது, மோர்க்கம் கடற்கரை ஹோட்டலில் தெல்மா கார்சைட் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த வாக்கியத்தை முடிப்பதற்குள் பிஸ்கட் ஊறி, பாதியாக ஒடிந்து, கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

"என்னப்பா கிடைச்சுது? என் மூக்குக்கண்ணாடியா?"

"உங்க எபிசோட் மேடம்! 'ஒன்பதாம் நிலா'வுல நீங்க அழுதீங்களே, அந்த எபிசோட்! லீட்ஸ்ல ஒருத்தர் வீட்டுப் பரண்ல கிடந்துச்சு. வெளிநாட்டுக்கு விக்கறதுக்காகப் போட்ட ஃபிலிம் பிரதியாம். இன்னிக்கு மத்தியானமே நம்ம விழாவுல போடறோம்!"

தெல்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நீ பார்த்துட்டியா?"

"சேச்சே! ஒருத்தரும் பார்க்கல. எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் பார்க்கணும்னு டப்பாவைச் சுத்தி டேப் ஒட்டி வெச்சிருக்கேன். அந்த டைரக்டர் அம்மா இமோஜன் கூட வர்றாங்க, உங்க கண்ணீரைப் பார்க்கறதுக்குன்னே!"

நெவில் வாயெல்லாம் பல்லாகப் போய்விட்டான். பக்கத்து நாற்காலியில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஹில்டா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தெல்மாவின் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள். ஸ்டூடியோ உடை அலங்காரத்தில் தைத்துத் தைத்து அந்தக் கைக்கு அப்படி ஒரு பழக்கம், யார் காலர் மடங்கியிருந்தாலும் பொறுக்காது.

"ஏன் தெல்மா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டே? நல்ல சேதிதானே?"

"ரொம்ப நல்ல சேதி" என்றாள் தெல்மா, பிஸ்கட்டைக் கரண்டியால் மீட்டபடி.

நல்ல சேதியா, தலையில் விழுந்த இடியா என்பது அவளுக்குத்தான் தெரியும். கறுப்பு வெள்ளைக் காலத்தில், சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வந்த தொடர் 'ஒன்பதாம் நிலா'. அதில் தெல்மாவின் வேலை இரண்டுதான். கத்துவது, கால் சுளுக்கிக்கொள்வது. விண்வெளிக் கப்பலின் தலைவன் வந்து தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆனால் தொடரை விட்டு அவள் விலகிய கடைசி எபிசோடில் மட்டும் நீளமான ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். செத்துக் கிடக்கும் சேற்றுப் பூதத்தின் முன்னால் நின்று பிரியாவிடை சொல்ல வேண்டும். அதை ஒரே மூச்சில், நிஜக் கண்ணீர் வழியப் பேசியதாகவும், கேமராக்காரரே தேம்பியதாகவும் தெல்மா அன்றிலிருந்து பேட்டி கொடுத்து வருகிறாள்.

எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த எபிசோடின் வீடியோ டேப்பை அழித்து அதன் மேலேயே யாரோ கால்பந்து மேட்ச் பதிவு செய்துவிட்டார்கள். ஒளிபரப்பானபோது பார்த்திருப்பார்களே என்றால், அங்கேதான் தெல்மாவின் அதிர்ஷ்டம். பூதம் திரையில் வந்ததுமே நாட்டில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவார்கள். பெரியவர்கள் அந்நேரத்தில் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பார்கள். தேசமே அந்தக் காட்சியின்போது வீட்டில்தான் இருந்தது, பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் நடித்ததெல்லாம் இருமல் மருந்து விளம்பரம், துப்பறியும் தொடரில் முதல் காட்சியிலேயே பிணம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் சூனியக்காரி. இப்போது, மூட்டு வலிக்கும் வயதில், இமோஜன் என்ற கெட்டிக்காரப் பெண் புதிய விண்வெளித் தொடர் எடுக்கிறாள். தெல்மாவுக்குக் கப்பல் தலைவி வேஷம்! கத்த வேண்டாம், சுளுக்க வேண்டாம். மற்றவர்கள் கத்துவார்கள், இவள் போய்த் தூக்குவாள். அந்தப் பழைய கண்ணீர்க் காட்சியைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் அவளைத் தேடி வந்ததாக இமோஜனே சொன்னாள். இன்னும் கையெழுத்து ஆகவில்லை. படம் ஓடினால் வேஷமும் போகும், மானமும் கப்பலேறும்.

தெல்மா எழுந்து போய் நெவிலைப் பிடித்தாள்.

"தம்பி, பழைய ஃபிலிம்னா சட்டுனு தீப்பிடிச்சுக்கும்பா. இத்தனை ஜனம் வந்திருக்கு. எதுக்கு வம்பு? விட்டுடு."

நெவிலின் கண் கலங்கிவிட்டது. "எங்க மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறை மேடம்!"

அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கி அலறியது. "அன்பர்களே! தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு அரிய படம்! உயிருக்குத் துணிஞ்சவங்க மட்டும் வரலாம்!"

மழைக்கு ஒதுங்கியிருந்த மோர்க்கம் கடற்கரைக் கூட்டம் மொத்தமும் ஹோட்டலுக்குள் வந்துவிட்டது. விழாவின் மற்ற அறைகளில் கூடியிருந்த வேறு தொடர்களின் ரசிகர்களும் அவற்றைக் காலி செய்துவிட்டு ஓடி வந்தார்கள். சின்ன அறையில் நடக்கவிருந்த காட்சியை நடன மண்டபத்துக்கு மாற்றினார்கள். ஹோட்டல்காரர்கள் தீயணைப்புக் கருவி இரண்டை மேடையில் மாலை போடாத குறையாக வைத்தார்கள்.

தெல்மா அடுத்து வில்ஃபைத் தேடினாள். வில்ஃப், ஹில்டாவின் கணவன். அந்தக் காலத்தில் ரப்பர் பூதங்களுக்குள் புகுந்து நடித்தவன். சேற்றுப் பூதம், பனிப் பூதம், பேசும் காளான் எல்லாம் அவன்தான். எந்தப் படத்திலும் முகம் தெரியாததால் சொந்த ஊர்ச் சாராயக்கடையில் கூட அவனை யாரும் நம்புவதில்லை.

"வில்ஃப், நீ கொஞ்சம் சொல்லேன். அன்னிக்குப் பதிவு சரியா வரல, பார்க்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு."

வில்ஃப் நெளிந்தான். "அந்த நாளைப் பத்தி நான் பேசறதே இல்ல தெல்மா. உனக்குத் தெரியாதா?"

அது அவளுக்குத் தெரியும். தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பெருந்தன்மையாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் அவனைக் கும்பிட்டு வந்திருக்கிறாள்.

"எனக்காக, ஒரே ஒரு வார்த்தை."

வில்ஃப் மேடையேறினான். மைக்கைப் பிடித்தான். மண்டபம் நிறைந்த கூட்டத்தைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் ரப்பருக்குள் வெந்தவனுக்கு முதல் தடவையாக முகத்தோடு கைதட்டல் கிடைத்தது. மனுஷன் தலைகால் புரியாமல் போய்விட்டான்.

"கண்ணீரா அது? அருவிங்க! என் ரப்பர் காலுக்குள்ள தண்ணி புகுந்து, நடந்தா சளக் சளக்குனு சத்தம் வந்துச்சு!"

கூட்டம் விசிலடித்தது. முதல் வரிசையில் இமோஜன் ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நாசமாப் போச்சு" என்றாள் தெல்மா.

"இந்த மனுஷனுக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணும் தெரியாது" என்று ஹில்டா பின்னலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "மைக்கைக் கண்டா உளறுவாரு."

இனி ஒரே வழிதான். எல்லோரும் எக் சாண்ட்விச் தட்டைச் சுற்றி மொய்த்த நேரம் பார்த்து, தெல்மா ஃபிலிம் டப்பாவைத் தூக்கிக் கம்பளிச் சட்டைக்குள் செருகினாள். நடைவழியில் நாலடி வைப்பதற்குள் எதிரே நெவிலின் குரல். மூலையில் சேற்றுப் பூதத்தின் உடை காட்சிக்காக நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் டப்பாவைத் தள்ளிவிட்டு, சுவரில் தொங்கிய கப்பல் படத்தை ரசிப்பது போல நின்றாள்.

"மேடம்! டப்பாவைக் காணோம்!" நெவில் அழும் நிலையில் இருந்தான்.

"அடடா" என்றாள் தெல்மா. அவள் வாழ்க்கையில் அதைவிட மோசமாக நடித்ததில்லை. "போனாப் போகுது விடு. காட்சியை ரத்து பண்ணிடு."

"ரத்தா? ஜனம் என்னைக் கொன்னுடும்! தேடற வரைக்கும் கூட்டத்தைச் சமாளிக்கணும். வில்ஃப் சார்! அந்த உடையைப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து வாங்களேன்!"

தெல்மா வாயைத் திறப்பதற்குள் ஹில்டா கணவனைப் பூதத்துக்குள் திணித்து, முதுகு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"ஹில்டா, வயித்துல என்னமோ குத்துது."

"இந்த வயசுல குத்தத்தான் செய்யும். போங்க."

பூதம் கைகளை விரித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போயிற்று. ஐம்பது வயதுத் தொந்திக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தார். பூதம் மேடைக்கு முன்னால் வந்து குனிந்து வணக்கம் சொன்னது. வயிற்றுத் தையல் பிரிந்தது. டப்பா டணாரென்று விழுந்து, உருண்டு உருண்டு போய், இமோஜனின் செருப்பில் முட்டிச் சாய்ந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று நெவில் குதித்தான். "இது மேடத்தோட ஏற்பாடு! என்ன ஒரு நாடகம்!"

கூட்டம் கூரை அதிரக் கைதட்டியது. இமோஜன் மட்டும் தட்டவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தாள், தெல்மாவைப் பார்த்தாள்.

"நீங்களா ஒளிச்சு வெச்சீங்க?"

தெல்மா ஒரு கணம் வாசலைப் பார்த்தாள். ஓடிவிடலாம். ஓடினால் எப்படியும் கால் சுளுக்கும், யாராவது வந்து தூக்குவார்கள். அந்த நினைப்பிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடையேறி, நெவிலின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஆமா, நான்தான் ஒளிச்சேன்! எதுக்குன்னு கேளுங்க. அந்தப் படத்துல நான் ஒரு வார்த்தை கூடப் பேசல. வசனம் சுத்தமா மறந்துபோச்சு!"

கூட்டம் மொத்தமும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தது.

"அப்போல்லாம் ராத்திரி பத்து அடிச்சா ஸ்டூடியோ விளக்கை அணைச்சுடுவாங்க, ராஜாவே நடிச்சாலும் சரி. பத்தடிக்க அஞ்சு நிமிஷம். மறுபடி எடுக்க வழியில்ல. நான் வாயைத் திறந்தா காத்துதான் வருது. அழுதேன், வாஸ்தவம். அது நடிப்பு இல்ல, பயம்! அப்போ செத்துக் கிடந்த பூதம் எழுந்து வந்து, என் வசனத்தை அதுவே பேசி என்னைக் காப்பாத்துச்சு. அந்தப் பேரை இத்தனை வருஷமா நான் திருடித் தின்னேன். இது உண்மை."

அவள் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன்? வருஷக்கணக்கா என்னைக் கத்தவிட்டாங்களே, யாராவது நீ பேசுன்னு சொன்னாங்களா? ஒரே ஒரு தடவை பேசவிட்டாங்க, அதையும் கோட்டை விட்டேன். அதுக்காகத் தலை குனிய மாட்டேன். வேஷம் போனாப் போகட்டும். போடுய்யா படத்தை! சிரிக்கறவன் தாராளமாச் சிரிக்கட்டும். நான் முதல் வரிசையிலதான் உக்காரப் போறேன்!"

உட்கார்ந்தாள், இமோஜனுக்குப் பக்கத்திலேயே.

விளக்கு அணைந்தது. திரையில் அட்டைப் பாறைகள் தெரிந்தன. இளம் தெல்மா வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. அப்போது செத்த பூதம் மெல்ல எழுந்தது. தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது போன்ற இயந்திரக் குரலில் பேசியது.

"மண்ணுலகப் பெண்ணே, உன் மனதில் இருப்பது எனக்குக் கேட்கிறது. 'என்னைப் பயந்தவள் என்று நினைத்தீர்கள். பயத்தோடுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.' இதைத்தானே சொல்ல நினைக்கிறாய்?"

நகம் முளைத்த ரப்பர் கையால் அவள் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தது. பிறகு பழைய இடத்துக்குப் போய், மரியாதையாக மறுபடி செத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கு உறிஞ்சும் சத்தம் அங்கங்கே கேட்டது. நெவில் மட்டும் வாய்விட்டே அழுதான்.

விளக்கு வந்ததும் இமோஜன் திரும்பினாள். "மேடம், அழத் தெரிஞ்ச நடிகைங்க எனக்கு எத்தனையோ பேர் கிடைப்பாங்க. இப்போ மேடையில நின்னு பேசினீங்களே, எனக்கு அந்தத் தலைவிதான் வேணும். நாளைக்கே கையெழுத்துப் போடலாமா?"

தெல்மா தலையை மட்டும் ஆட்டினாள். இந்தத் தடவையும் வார்த்தை வரவில்லை.

"அதோட" என்று இமோஜன் எழுந்து, மேடையோரம் நின்ற பூதத்தைப் பார்த்தாள், "அந்த நெருக்கடியில அடுத்தவங்க வசனத்தையும் மனப்பாடமா பேசின அந்த ஆள் என் தொடருக்குக் கண்டிப்பா வேணும். வில்ஃப் சார், நீங்களும் வர்றீங்க!"

கூட்டம் வில்ஃபின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. பூதம் கையை ஆட்டப் பாதி தூக்கி, என்ன நினைத்ததோ, தொங்கப் போட்டுவிட்டது. தலையைக் கழற்றப் பார்த்தது, ஜிப் மாட்டிக்கொண்டது. ஹில்டா பின்னலைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, அலுத்துக்கொண்டே மேடையேறி அவன் முதுகுப்பக்கம் போனாள்.

"அவரை ஏம்மா கூப்பிடறீங்க?" என்றாள் ஜிப்பை இழுத்தபடி. "அன்னிக்கு இவருக்குப் பொன்னுக்குவீங்கி, மூஞ்சி வீங்கி இந்தத் தலைக்குள்ள நுழையல. தினம் வீட்டுல எல்லார் வசனத்தையும் படிச்சு இவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவ நான்தானேன்னு, நான்தான் உள்ள புகுந்தேன்."