தும்புத்தடியோடு ஆடிய மாப்பிள்ளை

கிரவீன், சிட்னி
ஆனி 1976

அன்புள்ள ராதா அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நல்லூர்க் கந்தன் காவலில் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்கும் உடம்பு சுகம். மானம்தான் போய்விட்டது.

சத்தியபாமாவின் சம்பந்தத்தை மறந்துவிடுங்கள். இங்கே சனிக்கிழமை மத்தியானங்களில் டிவியில் ஹொலிவுட்டின் பழைய ஆட்டப் படங்கள் போடுவார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட கதாநாயகன் நடந்து வருகிறானா ஆடி வருகிறானா என்றே தெரியாது; கோபித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் அவள் சிரித்துவிடுவாள். திங்கள் விடிந்து பரமட்டாவுக்கு வேலைக்குப் போகும்வரை பேச ஆளில்லாமல் கிடக்கிறவனுக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா அக்கா? போன சனிக்கிழமை படம் ஓடிக்கொண்டிருக்கக் கை சும்மா இருக்கவில்லை, வீடு கூட்டும் தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, குளிருக்கு, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட்டும் போட்டு, குசினியிலிருந்து கதிரைகளைச் சுற்றிச் சுழன்று வந்து, படத்தில் செய்வதுபோலவே தும்புத்தடிக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்தால், வாசலில் மகேந்திரராஜா அங்கிள்! பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க அனுப்பிய மனிசன். சொல்லாமல் போனால்தான் மாப்பிள்ளையின் உண்மைக் குணம் தெரியும் என்று வந்திருக்கிறார். தெரிந்துவிட்டது.

"தம்பி, உங்களுக்கு இது அடிக்கடி வாறதோ?" என்றார்.

"ஓம் அங்கிள், சனிக்கிழமையில மட்டும்" என்றேன்.

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பெண் வீட்டில் கேட்டால், முதுகுப் பிடிப்புக்கு டொக்டர் சொன்ன தேகாப்பியாசம் என்று சொல்லிவிடுங்கள். இனி எனக்குப் பெண் பார்க்கவே வேண்டாம். டிவியையும் விற்கப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

மனமுடைந்த தம்பி,
நித்தியானந்தன்

பி.கு.: முத்திரை வாங்கவும் மனமில்லாமல் இந்தக் கடிதம் ஒரு மாதமாக மேசையில் கிடந்தது. இன்று அங்கிள் மறுபடியும் சொல்லாமல் வந்தார். "கண்டதை அப்பிடியே எழுதிப்போட்டன் தம்பி. தகப்பன் வேண்டாமெண்டிட்டார். பெட்டைதான் உம்மைத்தான் கட்டுவனெண்டு ஒற்றைக்காலில நிக்கிறாளாம். அவளுக்கும் அந்தமாதிரிப் படமெண்டால் உயிராம். ஆனா, தான் வந்திறங்க முதல் அந்தத் தும்புத்தடியை வீட்டை விட்டு அனுப்பிப்போடட்டாம்" என்றார். அக்கா, முதுகுப் பிடிப்பென்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நல்ல நாள் பாருங்கள். தும்புத்தடியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.